மொழியும் அரசியலும் படிப்பவர்களின் வெளிநாட்டு ஆண்டு: மதிப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் பிரெஞ்சும் அரசியலும், ஜெர்மனும் அரசியலும் என்று சேர்த்துப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டை அந்த மொழி பேசும் நாட்டில் கழிக்கிறார்கள். நானும் அப்படிப் போனவள்தான். முதல் பாதி பிரான்ஸ், மறுபாதி ஜெர்மனி. வீடு, வங்கிக் கணக்கு, விசா பற்றியெல்லாம் சொல்லித்தர ஆயிரம் பேர் இருந்தார்கள். தேர்வும் மதிப்பெண்ணும் எப்படி நடக்கும் என்று முழுமையாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அதன்பின் போகிற தம்பி தங்கைகள் வருஷா வருஷம் கேட்கிற கேள்விகளைச் சேர்த்து, பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். பெற்றோர் கேட்கும் ஒரு கேள்வியும் உண்டு.

அந்த ஆண்டின் மதிப்பெண் பட்டத்தில் சேருமா?

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். மூன்று விதமான ஏற்பாடுகள் நடைமுறையில் இருக்கின்றன. முதல் வகையில் பாஸா ஃபெயிலா என்பது மட்டும்தான் கணக்கு. தேறினால் அடுத்த ஆண்டுக்குப் போகலாம், பட்டம் ஃபர்ஸ்ட் கிளாஸா இல்லையா என்பது போன்ற இறுதித் தரத்தைத் தீர்மானிப்பதில் அந்த எண்களுக்கு வேலை இல்லை. இரண்டாவது வகையில் வெளிநாட்டு மதிப்பெண்களை உள்நாட்டு எண்ணாக மாற்றி, இறுதி மதிப்பெண்ணில் ஒரு சிறு பங்கு கொடுப்பார்கள். மூன்றாவது வகையில் அங்கே வாங்கும் மதிப்பெண் பாஸுக்கு மட்டும். ஆனால் தாய்ப் பல்கலைக்கழகம், அதாவது பிரிட்டனில் நீங்கள் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகம், தானே ஒரு கட்டுரையோ ஆய்வறிக்கையோ வைத்து அதற்கு மதிப்பெண் போடும்.

உங்களுடையது எந்த வகை என்பதை சீனியர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். விதிகள் மாணவர் சேர்ந்த ஆண்டைப் பொறுத்து மாறும். ஒரே துறையில் இரண்டு ஆண்டு மூத்தவருக்கு ஒரு விதி, உங்களுக்கு வேறு விதி இருக்கலாம். நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான படிப்புக் கையேட்டைத் திறந்து பாருங்கள். புரியாவிட்டால் உங்கள் துறையின் வெளிநாட்டு ஆண்டு ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இரு துறைகளில் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மொழித் துறை ஒன்று சொல்லும், அரசியல் துறை வேறொன்று நினைத்துக்கொண்டிருக்கும். இருவரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்துக் கேளுங்கள்.

எத்தனை கிரெடிட் எடுக்க வேண்டும்?

ஐரோப்பாவில் ஒரு முழு ஆண்டு என்பது 60 இ.சி.டி.எஸ். (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான பாட அளவு) கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. பிரிட்டனில் ஓர் ஆண்டுக்கு 120. ஆக, இரண்டு பிரிட்டிஷ் கிரெடிட் ஓர் ஐரோப்பிய கிரெடிட்டுக்குச் சமம். ஓர் இ.சி.டி.எஸ். என்றால் சுமார் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பு, வாசிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் அதில் அடக்கம்.

முழு 60 எடுக்கச் சொல்லாமல் சற்றுக் குறைவாக ஏற்றுக்கொள்ளும் பல்கலைக்கழகங்களும் உண்டு. வேற்று மொழியில் படிக்கிறவருக்கு உள்ளூர் மாணவரின் சுமையை அப்படியே ஏற்றக்கூடாது என்ற நியாயம்தான் காரணம். எவ்வளவு போதும் என்று தெரிந்தபின், அதைவிட ஒரு பாடம் கூடுதலாக எடுங்கள். ஒன்றில் சறுக்கினாலும் கணக்கு நிற்கும்.

இந்தப் பாடங்களைப் பட்டியலிடும் ஆவணம் லேர்னிங் அக்ரிமென்ட். நீங்கள், தாய்ப் பல்கலைக்கழகம், அங்குள்ள பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். போனபின் பாதிப் பாடங்கள் மாறும். ஒன்று ரத்தாகியிருக்கும், இன்னொன்று வேறொன்றோடு நேரம் மோதும். மாற்றுவதில் தப்பே இல்லை, அதற்கென்றே அந்தப் படிவத்தில் தனிப் பகுதி இருக்கிறது. மாற்றிவிட்டு மீண்டும் கையெழுத்து வாங்காமல் இருப்பதுதான் ஆபத்து. ஒப்புதல் இல்லாத பாடத்தில் நீங்கள் முதலிடம் வாங்கினாலும் ஊரில் அதற்கு மதிப்பு கிடைக்காமல் போகலாம்.

வெளிநாட்டு மதிப்பெண்ணை எப்படி மாற்றுகிறார்கள்?

நேரடியாகச் சதவீதக் கணக்குப் போட்டுப் பார்த்து பயப்படுகிறவர்களும் உண்டு, அதே கணக்கால் ஏமாந்து மகிழ்கிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம்.

பிரான்சில் 20-க்கு மதிப்பெண், 10 பாஸ். 12-க்கு மேல் பரவாயில்லை, 14-க்கு மேல் நன்று, 16-க்கு மேல் மிக நன்று. கலைத்துறைப் பாடங்களில் 18, 19 எல்லாம் அபூர்வம். இத்தாலியில் 30-க்கு, பாஸ் 18. பிரமாதமாகச் செய்தவருக்கு 30-உடன் "லோதே" என்ற பாராட்டு சேரும். ஸ்பெயினில் 10-க்கு, பாஸ் 5. ஒன்பதுக்கு மேல் வாங்கியவர்களில் ஒரு சிலருக்கு மட்டும் "மத்ரிகுலா தே ஒனோர்" என்ற சிறப்பு. அதை வகுப்பில் 5 சதவீதத்துக்கு மேல் கொடுக்க முடியாது. ஜெர்மனியில் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 கடைசி பாஸ், 5.0 ஃபெயில்.

இத்தாலியில் 18 வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கால்குலேட்டரில் 60 சதவீதம். பிரிட்டனில் 60 என்றால் டூ-ஒன், அதாவது ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு அடுத்த நல்ல வகுப்பு. ஆனால் இத்தாலியப் பேராசிரியர் உங்களுக்குக் கொடுத்தது கடைசிப் படியில் நிற்கும் பாஸ். பிரிட்டனில் அதற்கு ஈடு 40. பிரான்சில் 14 வாங்கினால் நேர்க் கணக்கில் 70 வரும். பல பல்கலைக்கழக அட்டவணைகளில் அது டூ-ஒன்னின் மேல் பகுதியிலோ ஃபர்ஸ்ட் கிளாஸிலோ விழும். அந்த 14-ஐ வாங்கிக்கொண்டு "பதினாலுதானா" என்று சோர்ந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மிக நல்ல மதிப்பெண்.

எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான ஒரே அட்டவணை கிடையாது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது. புறப்படும் முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் விடாமல் கேளுங்கள். எந்தத் தராசில் நிறுக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

பிரான்சில் தேர்வு எப்படி இருக்கும்?

வகுப்புகள் இரண்டு வகை. பெரிய அரங்கில் பேராசிரியர் பேசிக்கொண்டே போகும் விரிவுரை ஒன்று. "தே.தே." என்று சுருக்கமாகச் சொல்லும் சிறு குழு வகுப்பு மற்றொன்று. சிறு குழு வகுப்பில் வருகைப்பதிவு உண்டு, இன்டர்னல் மதிப்பெண்ணும் அங்கிருந்துதான் வரும். இதைக் கோந்த்ரோல் கோந்தினு என்பார்கள். அதில் ஒரு பகுதி எக்ஸ்போசே, அதாவது வகுப்பின் முன் நின்று பத்திருபது நிமிடம் பேசுவது. செமஸ்டர் முடிவில் பெரிய தேர்வு.

அந்தப் பெரிய தேர்வுதான் நம்மைப் புரட்டிப்போடும். என் முதல் தேர்வு அரசியலமைப்புப் பாடத்தில். மூன்று மணி நேரம், ஒரே கேள்வி. இரட்டைத் தாளாக மடித்த விடைத்தாள், அதன் மூலையில் பெயர் எழுத ஒரு சின்ன இடம். எழுதியபின் அந்த மூலையை மடித்து ஒட்டிவிட வேண்டும், திருத்துபவருக்குப் பெயர் தெரியாது. கூடவே ரோஜா நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் வரைவுத் தாள்கள். நான் வழக்கம்போல ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு விடைத்தாளில் எழுதத் தொடங்கினேன். சுற்றிப் பார்த்தால் ஒருவர்கூட விடைத்தாளைத் தொடவில்லை. முதல் ஒரு மணி நேரம் முழுக்க அந்த வண்ணத் தாள்களில்தான் எழுதினார்கள். ஏன் என்பது மதிப்பெண் வந்தபோதுதான் புரிந்தது. எனக்கு 8. ஓரத்தில் ஒரே வரி: "திட்டம் எங்கே?"

பிரெஞ்சு திசெர்த்தாசியோன் என்பது கருத்தைக் கொட்டும் கட்டுரை கிடையாது, கட்டடம். "ஐந்தாம் குடியரசில் ஆட்சி செய்பவர் யார்?" என்று கேள்வி வந்தால் (ஐந்தாம் குடியரசு என்பது 1958 முதல் பிரான்சில் இருக்கும் ஆட்சிமுறை), பிரிட்டனில் முதல் பத்தியிலேயே "ஜனாதிபதிதான், ஏனென்றால்..." என்று தொடங்குவோம். பிரான்சில் முன்னுரையில் நான்கு வேலை செய்ய வேண்டும். கேள்வியை அறிமுகப்படுத்த வேண்டும், சொற்களை வரையறுக்க வேண்டும், கேள்விக்குள் ஒளிந்திருக்கும் சிக்கலைக் கண்டுபிடித்து ஒரே வாக்கியத்தில் வைக்க வேண்டும், பிறகு கட்டுரை எந்த இரண்டு பகுதிகளாகப் போகும் என்று அறிவிக்க வேண்டும். அந்தச் சிக்கலுக்குப் பெயர் ப்ரோப்ளெமாத்தீக். இந்தக் கேள்விக்கு அது இப்படி வரலாம்: 1958 அரசியலமைப்பின் 20-ஆம் விதி நாட்டின் கொள்கையைத் தீர்மானித்து நடத்துவது அரசாங்கம் என்கிறது. நடைமுறையில் 1962-க்குப் பின் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதியே கைப்பிடியை வைத்திருக்கிறார். எழுத்துக்கும் நடைமுறைக்கும் இடையிலான இந்த இடைவெளி எப்போது மூடுகிறது?

சிக்கல் கிடைத்துவிட்டால் திட்டம் தானே வரும். முதல் பகுதி, நாடாளுமன்றப் பெரும்பான்மை ஜனாதிபதி பக்கம் இருக்கும் காலங்கள். இரண்டாம் பகுதி, எதிரெதிர்க் கட்சிகளின் ஜனாதிபதியும் பிரதமரும் சேர்ந்து ஆண்ட காலங்கள்: 1986 முதல் 1988 வரை, 1993 முதல் 1995 வரை, 1997 முதல் 2002 வரை. ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு உட்பகுதிகள், பகுதிக்குப் பகுதி தாண்ட ஓர் இணைப்பு வாக்கியம். சட்டமும் அரசியலும் சேர்ந்த பாடங்களில் இந்த இரண்டுக்கு இரண்டு வடிவம் கிட்டத்தட்ட வேதவாக்கு. இலக்கியம், தத்துவம் பக்கம் போனால் மூன்று பகுதிகள் எதிர்பார்ப்பார்கள்.

பிரெஞ்சு நண்பர் ஒருவரின் பழைய விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். பத்துப் புத்தகம் படிப்பதைவிட அந்த ஒரு தாள் அதிகம் சொல்லித்தரும். எனக்கு அடுத்த தேர்வில் 13 வந்தது அப்படித்தான்.

ஜெர்மனியில்?

அங்கே எழுத்துத் தேர்வுக்குக் கிளவ்சூர் என்று பெயர், வகுப்பு உரைக்கு ரெஃபராட், நீண்ட ஆய்வுக் கட்டுரைக்கு ஹவுஸ்ஆர்பைட். அரசியல் துறைக் கருத்தரங்குகளில் ஹவுஸ்ஆர்பைட்தான் ராஜா. தலைப்பை யாரும் கொடுக்க மாட்டார்கள். நீங்களே ஒன்றை யோசித்து, ஆசிரியரின் சந்திப்பு நேரத்தில் போய்ப் பேசி, ஒப்புதல் வாங்க வேண்டும். வெறும் கையோடு போகாதீர்கள். ஒரு பக்கத்தில் கேள்வி, அத்தியாய வரிசை, படித்த நாலைந்து நூல்கள் என்று எழுதிக்கொண்டு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். கட்டுரையோடு "இது என் சொந்த உழைப்பு" என்ற உறுதிமொழியில் கையெழுத்தும் வேண்டும்.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, வகுப்பில் பெயர் கொடுத்தால் தேர்வுக்கும் பெயர் கொடுத்ததாக ஆகாது. தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்கென்று ஒரு கடைசித் தேதி உண்டு. அதைத் தவறவிட்டால் செமஸ்டர் முழுக்க வந்து உட்கார்ந்ததற்கு வெறும் பங்கேற்புச் சான்று மட்டும் மிஞ்சும். இரண்டு, ஹவுஸ்ஆர்பைட்டைப் பெரும்பாலும் வகுப்புகள் முடிந்தபின் விடுமுறையில்தான் எழுத வேண்டும். கோடை செமஸ்டர் வகுப்புகள் ஜூலையில் முடியும், செமஸ்டர் முறைப்படி செப்டம்பர் இறுதி வரை ஓடும். கட்டுரைக் கெடு செப்டம்பரில் என்றால், திருத்தி மதிப்பெண் வருவதற்குள் பிரிட்டனில் உங்கள் இறுதியாண்டு தொடங்கிவிடும். முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லி முன்கூட்டியே ஒப்படைக்க அனுமதி கேளுங்கள். எனக்கு இரண்டு ஆசிரியர்கள் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். நேரத்துக்குப் பக்கத்தில் "சி.டி." என்று போட்டிருந்தால் கால் மணி கழித்துத் தொடங்கும். 10 மணி சி.டி. என்றால் பத்தேகால். "எஸ்.டி." என்றால் மணி அடிக்கும்போதே. தேர்வு அறிவிப்பில் இதைக் கவனியுங்கள்.

இத்தாலி, ஸ்பெயின் போகிறவர்கள் எதற்குத் தயாராக வேண்டும்?

இத்தாலியில் வாய்மொழித் தேர்வுக்கு. பேராசிரியரின் முன் உட்கார்ந்து, அவர் புத்தகத்தில் எங்கிருந்து கேட்டாலும் பேச வேண்டும். மற்ற மாணவர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்களும் உங்கள் முறைக்கு முன்பு போய்க் கேளுங்கள், அது வழக்கம்தான். ஒரு பாடத்துக்குப் பல தேர்வுத் தேதிகள் இருக்கும், அவற்றை அப்பெல்லோ என்பார்கள். வகுப்புக்கு வருகிறவர்களுக்கு ஒரு பாடத்திட்டம், வராதவர்களுக்குக் கூடுதல் புத்தகங்களோடு இன்னொன்று. எதில் நிற்கிறீர்கள் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்பெயினில் கவனிக்க வேண்டியது மொழி. பார்சிலோனா போகும் பலர், அங்கே கணிசமான வகுப்புகள் கட்டலான் மொழியில் நடப்பதை முதல் நாள்தான் தெரிந்துகொள்கிறார்கள். எந்தக் குழு எந்த மொழியில் என்று பாட அட்டவணையில் போட்டிருக்கும், பதிவு செய்யும் முன் பாருங்கள். வகுப்பு கட்டலானில் இருந்தாலும் தேர்வை ஸ்பானிஷில் எழுத அங்குள்ள மாணவர்களுக்கு உரிமை உண்டு. அரசியல் படிக்கிறவருக்கு இது இடைஞ்சலாகவும் தெரியலாம், வரமாகவும் தெரியலாம். மொழி உரிமை பற்றிப் படிக்க இதைவிடச் சிறந்த வகுப்பறை கிடைக்குமா?

ஆங்கிலத்தில் நடக்கும் அரசியல் பாடங்களை எடுக்கலாமா?

பெரும்பாலான மொழித் துறைகள் ஒப்புக்கொள்ளாது, அல்லது ஒன்றிரண்டுக்கு மேல் அனுமதிக்காது. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று நடத்தும் அடிப்படை மொழி வகுப்புகளுக்கும் பல இடங்களில் கிரெடிட் கணக்கில் வராது. விதி அனுமதித்தாலும் ஆங்கிலப் பாடங்களைக் குவிக்காதீர்கள். கட்சி மேனிஃபெஸ்டோவை அதன் மொழியிலேயே படித்து வாதிட வந்தவர் நீங்கள்.

முதல் செமஸ்டர் ஒரு நாடு, இரண்டாவது இன்னொரு நாடு என்றால் தேர்வுகள் மோதாதா?

மோதும். ஜெர்மனியின் குளிர்கால வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுவரை போகும். தேர்வுகள் அதை ஒட்டி. ஸ்பெயினிலும் பிரான்சிலும் இரண்டாம் செமஸ்டர் ஜனவரியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ ஆரம்பித்துவிடும். ஜெர்மனியில் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் வாரத்தில் மறுநாட்டில் பாடப்பதிவு முடிந்துபோகும். முடிந்தால் வரிசையை மாற்றுங்கள். பிரான்ஸ் அல்லது ஸ்பெயின் முதலில், ஜெர்மனி பிறகு என்றால் கோடை வகுப்புகள் ஏப்ரலில்தான் தொடங்கும், நடுவில் மூச்சு விடவும் நேரம் கிடைக்கும்.

அரபு, ரஷ்ய மொழி படிப்பவர்களுக்கு?

2011-இல் சிரியாவில் போர் தொடங்கியபின் டமாஸ்கஸ் வழி அடைபட்டது. இப்போது ஜோர்டானின் அம்மான், மொராக்கோவின் ரபாத் போன்ற நகரங்களுக்குப் போகிறார்கள். 2022 பிப்ரவரிக்குப் பின் ரஷ்யாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு கஜகஸ்தானின் அல்மாட்டி, கிர்கிஸ்தானின் பிஷ்கேக், லாட்வியாவின் ரீகா என்று மாற்றினார்கள். இங்கெல்லாம் பெரும்பாலும் மொழி மையங்களில்தான் படிப்பு. வாராந்திரத் தேர்வும் வருகையும்தான் மதிப்பீடு, பெரிய தேர்வைத் தாய்ப் பல்கலைக்கழகமே வைக்கலாம். வருகைச் சான்றை மாதா மாதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் படிக்கப் போகவில்லை, பள்ளியில் ஆங்கில உதவி ஆசிரியராகவோ ஒரு நிறுவனத்திலோ இருக்கப்போகிறேன். என்னை யார் மதிப்பிடுவார்கள்?

தாய்ப் பல்கலைக்கழகம்தான். பிரிட்டிஷ் கவுன்சில் வழியாகப் பிரான்சுக்குப் போகும் உதவி ஆசிரியருக்கு வாரம் 12 மணி நேரம், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏழு மாதம். பள்ளி மதிப்பெண் போடாது, வேலை செய்தீர்கள் என்று உறுதி மட்டும் செய்யும். உங்கள் மதிப்பீடு அந்த நாட்டு மொழியில் எழுதும் நீண்ட கட்டுரை அல்லது அறிக்கை, திரும்பியபின் வாய்மொழித் தேர்வு. பன்னிரண்டு மணி நேரம் போக நிறைய நேரம் மிஞ்சும். கட்டுரை கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போவதும் அதனால்தான். வாரத்தில் ஒரு பகல் முழுக்க உள்ளூர் நூலகத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

அங்குள்ளவர்களைப் பேட்டி எடுத்து என் ஆய்வுக்கட்டுரைக்குப் பயன்படுத்தலாமா?

அருமையான யோசனை. ஆனால் அனுமதி வாங்கும் முன் ஒருவரைக்கூடப் பேட்டி எடுக்காதீர்கள். மனிதர்களிடம் தகவல் திரட்டும் எந்த ஆய்வுக்கும் தாய்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். எடுத்தபின் அனுமதி கேட்டால் கிடைக்காது, அந்தப் பேட்டிகளைக் கட்டுரையில் சேர்க்கவும் முடியாது.

அரசியல் மாணவர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 9-ஆம் விதி ஒருவரின் அரசியல் கருத்தையும் தொழிற்சங்க உறுப்பினர் தகவலையும் உடல்நலத் தகவலுக்கு இணையாகத் தனிப் பாதுகாப்பு வளையத்தில் வைக்கிறது. பிரிட்டனின் சட்டமும் அப்படியே. "நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள்?" என்று சந்தையில் ஒருவரிடம் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்தாலே நீங்கள் அந்த வளையத்துக்குள் கால் வைத்துவிட்டீர்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், எங்கே சேமிப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று அவருடைய மொழியிலேயே எழுதிய தகவல் தாளும் சம்மதப் படிவமும் கையில் இருக்க வேண்டும். அந்தப் படிவத்தை நல்ல பிரெஞ்சிலோ அரபியிலோ எழுதுவதே ஒரு மொழிப் பயிற்சி.

சில நாடுகளில் இது உயிர்ப் பிரச்சினை. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்குப் படித்த இத்தாலியரான ஜூலியோ ரெஜேனி, எகிப்தின் சுதந்திரத் தொழிற்சங்கங்கள் பற்றி கெய்ரோவில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். 2016 ஜனவரி 25 அன்று காணாமல் போனார். சித்திரவதைக்குள்ளான அவர் உடல் பிப்ரவரி 3 அன்று கிடைத்தது. 2018-இல் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் மேத்யூ ஹெட்ஜஸ் ஐக்கிய அரபு அமீரகத்தில் உளவுக் குற்றச்சாட்டில் கைதாகி, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு மன்னிப்பில் விடுதலையானார். இடர் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பச் சொல்லும்போது அலுத்துக்கொள்ளாமல் உண்மையாக நிரப்புங்கள். மேற்பார்வையாளர் ஒரு தலைப்பை வேண்டாம் என்றால் கேளுங்கள். நாடாளுமன்ற விவாதங்கள், கட்சி ஏடுகள், தேர்தல் சுவரொட்டிகள் என்று யாரையும் ஆபத்தில் தள்ளாத மூலங்கள் நிறைய இருக்கின்றன.

அந்த மொழியில் எழுதிய கட்டுரையை அங்குள்ள நண்பரிடம் திருத்தக் கொடுக்கலாமா? மொழிபெயர்ப்புச் செயலி?

மொழியறிவுக்கே மதிப்பெண் போடும் கட்டுரை என்றால் இரண்டும் பொதுவாகக் கூடாது. வேறொருவர் திருத்திய வாக்கியம் உங்களுடையது ஆகாது. அகராதி, இலக்கண நூல் தாராளமாகப் பயன்படுத்தலாம். நண்பரோடு கட்டுரையின் கருத்தைப் பேசி விவாதிக்கலாம். செயலிகள் பற்றிய விதியைத் துறை எழுதியே வைத்திருக்கும், அதைப் படியுங்கள். எல்லா வரைவுகளையும் தேதியோடு சேமித்து வைத்தால், யாராவது சந்தேகப்பட்டாலும் உங்கள் உழைப்பைக் காட்ட முடியும்.

ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனால்?

அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிடாது. பிரான்சில் ரத்ராப்பாஜ் என்ற மறுதேர்வு உண்டு. ஒரு பாடத்தின் குறைவை இன்னொரு பாடத்தின் நிறைவு ஈடுகட்டும் முறையும் அங்கே உண்டு. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் அந்த ஈடுகட்டலை ஏற்குமா என்று கேட்டுவிடுங்கள். இத்தாலியில் அடுத்த அப்பெல்லோவில் எழுதலாம். மறுதேர்வு தேதி தெரியும்வரை திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள், இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே சரிவராவிட்டால் தாய்ப் பல்கலைக்கழகம் கோடையில் ஒரு மாற்றுக் கட்டுரை வைக்கலாம். அதிலும் தேறாதவரை, சில படிப்புகளில் வெளிநாட்டு ஆண்டு இல்லாத பட்டத்துக்கு மாற்றுவார்கள்.

உடல்நிலை சரியில்லை, அல்லது ஏற்கெனவே தேர்வில் கூடுதல் நேரம் பெறுகிறேன்.

பிரிட்டனில் உள்ள ஏற்பாடு தானாக எல்லை தாண்டாது. பிரான்சில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நேரம் தரும் தியெர்-தாம் என்ற ஏற்பாடு உண்டு. மூன்று மணித் தேர்வுக்கு நான்கு மணி. அங்குள்ள மாற்றுத்திறனாளர் சேவையிடமும் பல்கலைக்கழக மருத்துவரிடமும் போய்ச் சேர்ந்த முதல் வாரங்களிலேயே கேட்க வேண்டும். திடீர் நோய் என்றால் அன்றே மருத்துவரிடம் சான்று வாங்கி, இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்புங்கள். மனச்சோர்வும் நோய்தான். நவம்பர் இருட்டில், தெரியாத ஊரில், அழுகை வருவது பலவீனமில்லை. பேசுங்கள், ஒருங்கிணைப்பாளர் இருப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

வேலைநிறுத்தம் வந்து பல்கலைக்கழகத்தை மூடினால்?

பிரான்சில் இது நடக்கக்கூடியது. 2018 வசந்தத்தில் பல்கலைக்கழகச் சேர்க்கைச் சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் பல வளாகங்களை முற்றுகையிட்டார்கள், பாரிஸின் தோல்பியாக் வளாகம் வாரக்கணக்கில் அவர்கள் கையில் இருந்தது. தேர்வுகள் தள்ளிப்போயின, இடம் மாறின. 2023-இல் ஓய்வூதியச் சட்டப் போராட்டத்தின்போதும் வளாகங்கள் அடைபட்டன. அறிவிப்பு வந்த நாளே அதைப் படம் பிடித்துத் தாய்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள். உங்கள் தவறில்லாமல் கிரெடிட் குறைந்தால் மாற்று வழி செய்வார்கள், ஆனால் தகவல் உங்களிடமிருந்து உடனே போக வேண்டும்.

பிள்ளைக்கு ஒரு வருடம் வீண்தானே? (பெற்றோர்)

இல்லை அம்மா, இல்லை அப்பா. இங்கிலாந்தில் படிப்பவர்களுக்கு, முழு ஆண்டும் வெளிநாட்டில் என்றால் அந்த ஆண்டுக் கல்விக் கட்டணம் வழக்கமான உச்சவரம்பில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இறுதியாண்டு மொழித் தேர்வுகள், அந்த ஓராண்டு அங்கே வாழ்ந்து வந்தவர் என்ற கணிப்பில்தான் வைக்கப்படுகின்றன. போகாமல் அந்தத் தேர்வை எழுதுவது மிகக் கஷ்டம். தொலைபேசியில் "மார்க் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். 20-க்கு 13 என்று சொன்னால் அது நல்ல மதிப்பெண், பாராட்டுங்கள்.

மதிப்பெண் பட்டியல் இன்னும் வரவில்லை, என்ன செய்வது?

இது ஆண்டுதோறும் நடக்கிறது. பட்டியல் வராமல் தேர்வு வாரியம் உங்கள் பெயரை நிறுத்திவைக்கலாம். ஊர் திரும்பும் முன் அங்குள்ள சர்வதேச அலுவலகத்துக்கு நேரில் போங்கள். எந்தப் பாடத்தின் மதிப்பெண் ஏறவில்லை என்று பாருங்கள், அந்த ஆசிரியரின் பெயரையும் மின்னஞ்சலையும் குறித்துக்கொள்ளுங்கள். மாணவர் இணையக் கணக்கு சில மாதங்களில் மூடப்படும், அதற்குள் மதிப்பெண் பக்கத்தைச் சேமித்துவிடுங்கள். எழுதிய கட்டுரைகள், பாடத்திட்டங்கள், எக்ஸ்போசே குறிப்புகள் எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். எனக்கு ஒரு பாடத்தின் மதிப்பெண் அக்டோபர் வரை வரவில்லை. அந்தக் கோப்புறையில் இருந்த, ஆசிரியர் கையெழுத்திட்ட ஒற்றைச் சான்றுத் தாளை வைத்துத்தான் என்னை இறுதியாண்டு வகுப்பில் உட்கார அனுமதித்தார்கள்.